உலக இசையைக் கேட்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவையாற்று ஆராதனைப் பந்தலில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சுருதி விலகினால் அக்கணமே தெரிந்துவிடும். அது நமக்கு வாய்த்த பெரும் கொடை. ஆனால் பிற நாட்டு இசையைக் கேட்கத் தொடங்கும்போது முதல் தவறும் அதனாலேயே நேர்கிறது: நம் சுருதியை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு, புரியாததை அபசுரம் என்று தள்ளிவிடுகிறோம்.

இந்தோனேசியாவின் ஜாவா, பாலித் தீவுகளில் வாசிக்கப்படும் கமெலான் இதற்குச் சரியான சோதனை. வெண்கலத் தகடுகளும், நம் கோயில் சேகண்டியைப் போலத் தொங்கவிடப்பட்ட காங்குகளும் சேர்ந்த பெரிய வாத்தியக் குழு அது. அதன் ஸ்லெண்ட்ரோ என்னும் ஐந்து சுர அமைப்பைக் கேட்டதும் மோகன ராகம்தான் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் ஸ்லெண்ட்ரோவில் சுரங்களுக்கு இடையேயான தூரம் ஏறக்குறையச் சமமாக இருப்பதால், மோகனத்தின் காந்தாரத்தை அங்கே தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு வாத்தியத் தொகுதிக்கும் தனிச் சுருதி உண்டு. ஒன்றிலிருந்து ஒரு கருவியை எடுத்து மற்றொன்றோடு வாசிப்பது வழக்கமில்லை. பாலியில் இணைக் கருவிகள் இரண்டையும் வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி சேர்க்கிறார்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கையில் எழும் அதிர்வை 'அலை' என்று பொருள்படும் ஓம்பாக் என்ற சொல்லால் அழைக்கிறார்கள். நமக்குப் பிழையாகப் படுவதே அவர்களுக்கு உயிர்.

இரைச்சலைக் குறையாகக் கொள்வதும் இதே வகைத் தவறு. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் கட்டைவிரல்களால் மீட்டும் ம்பிராவில், இரும்பு நாக்குகளின் ஒலியோடு சேர்ந்து இரைவதற்காகவே கிளிஞ்சல்களையோ பாட்டில் மூடிகளையோ பொருத்துகிறார்கள். இது நமக்கு அந்நியமானதே அல்ல. தஞ்சாவூர்த் தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை நுழைத்து, மயிரிழை அளவில் நகர்த்தி, தந்தி கார்வையோடு இரையும் இடத்தில் நிறுத்துகிறோம். அந்த நூலை உருவிவிட்டால் நாதம் மொட்டையாகிவிடும்; அதற்கு ஜீவா என்ற பெயர் சும்மா வரவில்லை.

பெயரை வைத்துப் பொருள் கொள்வது அடுத்த தவறு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் டெல்டா ப்ளூஸ் இசை என்றதும் நம் காவிரி டெல்டாவைப் போல ஒரு கழிமுகத்தை நினைத்துவிடுகிறோம். மிசிசிப்பி டெல்டா என்பது அந்த நதி கடலில் கலக்கும் இடமன்று. அங்கிருந்து வெகு தொலைவில், மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கே, மிசிசிப்பிக்கும் யாசூ நதிக்கும் இடைப்பட்ட பருத்தி விளையும் வண்டல் சமவெளி. அங்கு உழைத்த கறுப்பின மக்களின் பாட்டை நம் நடவுப் பாட்டோடு ஒப்பிடும் ஆசை எனக்கும் உண்டு. பண்ணையாள் முறையின் கொடுமையை அறிந்த மண்ணுக்கு அந்தத் துயரம் எளிதில் எட்டும். ஆனாலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. நடவுப் பாட்டு பெண்கள் கூட்டமாகப் பாடுவது; டெல்டா ப்ளூஸ் பெரும்பாலும் ஒருவர் கிட்டாரோடு தனியே பாடுவது. முதல் அடியை இருமுறை பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வது அதன் பழகிய வடிவம். அங்கே காந்தாரமும் நிஷாதமும் சற்றே தாழ்ந்து குழைவதைக் கவனியுங்கள்.

ஜாஸ் கலைஞர் மனம்போனபடி வாசிக்கிறார் என்பதும் பிழையான எண்ணம். பெரும்பாலும் 12 அல்லது 32 பார் (நம் ஆவர்த்தனத்தைப் போன்ற தாள அளவு) கொண்ட ஒரு சுற்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். தவில் வித்துவான் தாளத்துக்குள் நின்று தனி வாசிப்பதைப் போல, அவர் அதற்குள் நின்றே கற்பனை செய்கிறார்.

கரீபியன் இசை எல்லாமே ரெகே அன்று. ரெகே ஜமைக்காவில் பிறந்தது, கலிப்சோ டிரினிடாடுக்கு உரியது. 'உலக இசை' என்ற தலைப்பே 1987-இல் லண்டனில் இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி விற்பனைக்காக வைத்துக்கொண்ட பெயர் என்பதால், அதை ஓர் இசை வகையாகக் கருதவே வேண்டாம்.

கடைசியாக, கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கமெலானில் ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தைச் சொல்வது மிகப் பெரிய காங்கு. அதன் ஆழ்ந்த ஒலி கைப்பேசியில் ஏறக்குறைய எழுவதே இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதல் முறை அந்தக் காங்கு விழும் இடங்களை மட்டும் விரல்விட்டு எண்ணுங்கள். மற்ற வாத்தியங்கள் எதை நோக்கி நடக்கின்றன என்பது இரண்டாம் முறை கேட்கையில் பிடிபடத் தொடங்கும்.