ஒரே கை, மூன்று எண்கள்

தோலின் ஈரத்தையும் மென்மையையும் அளக்க வெள்ளவத்தை வீட்டில் ஒரு சின்னத் தொடு உணரி செய்துகொண்டிருந்தேன். அம்மாவின் முன்கையில் ஒரே இடத்தை மூன்று தரம் தொட்டால் மூன்று எண். சர்க்யூட்டைத்தான் திட்டினேன், பாவம். பிழை என் கையில். கொள்ளளவத்தை, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறனை, அளக்கும் உணரி தண்ணீரைத்தான் தேடுகிறது: தண்ணீரின் மின்னுழைய மாறிலி (அந்தத் திறனை ஒரு பொருள் எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) சுமார் 80, காய்ந்த தோலுக்கு மிகக் குறைவு. ஆனால் அழுத்த அழுத்தத் தொடும் பரப்பும் கூடி எண் ஏறிவிடுகிறது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய மெல்லிய ஸ்பிரிங்கை உணரியின் முனைக்குப் பின்னால் வைத்தேன். அது குறித்த அளவு அமுங்கினால்தான் எண் பதியும். அதே விசையில் தோல் எவ்வளவு குழிகிறது என்று பார்த்து மென்மையையும் எடுத்தேன்.

அப்புறம் கொழும்புப் புழுக்கம்! வியர்வையையும் தோலின் ஈரமென்றே காட்டியது. இப்போது 20 நிமிடம் ஃபேனுக்குக் கீழே இருந்த பிறகே அளக்கிறேன். "இதை நான் தொட்டே சொல்லுவனே" என்கிறார் அம்மா.