லேப் பவர் சப்ளை: முதலில் ஆம்பியர், அப்புறம் வோல்ட்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் காலேஜ் புராஜெக்ட் என்று உட்கார்ந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது, கிணற்று மோட்டாரைச் செல்போனில் இருந்தே போட்டு நிறுத்தும் போர்டுதான். ராத்திரி கரண்ட் வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது வெறும் மார்க் வாங்குகிற விஷயம் இல்லை. அதனால் அந்தப் போர்டையே வைத்து, லேப் டி.சி. பவர் சப்ளையை, அதாவது வேண்டிய வோல்டேஜையும் கரண்ட் வரம்பையும் குமிழ் திருப்பி வைத்துக்கொள்ளும் பெட்டியை, எப்படி இணைப்பது, எப்படி ஓட்டுவது என்று சொல்கிறேன். உங்களிடம் இருப்பது 30 வோல்ட், 5 ஆம்பியர் வகை என்று வைத்துக்கொள்வோம்.

பிளக்கைச் செருகும் முன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பல பெட்டிகளில் 115, 230 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அது 230-இல் இருக்க வேண்டும். 115-இல் விட்டுவிட்டு நம் ஊர் லைனில் சொருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். பிளக் மூன்று பின் பிளக்காகவே இருக்கட்டும். எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கத்திரி வெயிலில் அறையே 40 டிகிரியில் இருக்கும்போது உள்ளே சூட்டை வெளியே தள்ளும் ஹீட்சிங்க் பாவம்.

முன்பக்கம் சிவப்பு, கறுப்பு, பச்சை என மூன்று டெர்மினல்கள் இருக்கும். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். பச்சை எர்த், அதாவது பெட்டியின் உலோக உடம்பு. புதிதாகத் தொடுகிறவர்கள் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் போர்டை மாட்டிவிட்டு "வோல்டேஜே வரலையே" என்று முழிப்பது இங்கேதான். மைனஸும் எர்த்தும் உள்ளே இணைந்திருக்காது, சர்க்யூட் முழுமை ஆகாது. போர்டு எப்போதும் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில்தான்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். போர்டை மாட்டும் முன் கரண்ட் வரம்பை வையுங்கள். கரண்ட்டுக்கான இரண்டு குமிழ்களையும் (ஒன்று பெரிதாக மாற்ற, ஒன்று நுணுக்கமாக மாற்ற) முழுக்கக் குறைத்துவிட்டு, வோல்டேஜை 2 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு கிளிப்பையும் கறுப்பு கிளிப்பையும் ஒன்றோடொன்று கவ்வவிடுங்கள். ஆமாம், ஷார்ட்தான், பயப்பட வேண்டாம், இந்தப் பெட்டி அதைத் தாங்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது. இப்போது கரண்ட் குமிழை மெல்லத் திருப்பி மீட்டரில் 0.10 வந்ததும் நிறுத்துங்கள். கிளிப்பைப் பிரியுங்கள். இனி போர்டில் எங்கே சால்டர் ஒழுகியிருந்தாலும் 100 மில்லிஆம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓடாது. அதற்கு அப்புறம்தான் வோல்டேஜ் குமிழைத் தொட வேண்டும். திருப்பும்போது உள்ளே 'டக்' என்று சத்தம் வந்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை, டிரான்ஸ்ஃபார்மரில் எந்த முனையில் இருந்து வோல்டேஜ் எடுப்பது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரிலே மாற்றுகிறது, அவ்வளவுதான்.

அவுட்புட் பட்டன் இருந்தால் அணைத்துவிட்டே போர்டை மாட்டுங்கள், பட்டன் இல்லையென்றால் வோல்டேஜை பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு மாட்டி அப்புறம் ஏற்றுங்கள். வரம்பு வைத்தாயிற்றே, நேராக மாட்டினால் என்ன என்று கேட்கலாம். பெட்டியின் அவுட்புட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதில் தேங்கியிருக்கும் சார்ஜ் வரம்புக்குக் கட்டுப்படாமல் ஒரே பாய்ச்சலில் வந்து ஒரு எல்.ஈ.டி.யைக் கொன்றுவிடும்.

முதலில் போர்டில் உள்ள ரிலே, அதாவது காயிலில் கரண்ட் ஓடினால் மோட்டாருக்கான இணைப்பைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச். சாதாரண 12 வோல்ட் சதுர ரிலேயின் காயில் ஏறக்குறைய 400 ஓம், ஆக 30 மில்லிஆம்பியர் போதும். 12 வோல்ட் ஏற்றினால் சி.வி. (கான்ஸ்டன்ட் வோல்டேஜ்) விளக்கு எரியும், மீட்டரில் 0.03 காட்டும். அப்படியென்றால் வோல்டேஜ் நீங்கள் வைத்தபடி நிற்கிறது, கரண்ட்டைப் போர்டு தன் தேவைக்கு எடுக்கிறது. சி.சி. (கான்ஸ்டன்ட் கரண்ட்) விளக்கு எரிந்து வோல்டேஜ் 1, 2 என்று சரிந்து கிடந்தால் போர்டு வரம்பை முட்டுகிறது என்று அர்த்தம். உடனே வரம்பைக் கூட்டாமல் முதலில் ஷார்ட்டைத் தேடுங்கள். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் ரிலே விடும்போது காயிலில் எழும் வோல்டேஜ் உதைப்பில் ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

அடுத்து சிம் போட்டுச் செல்போனோடு பேசும் ஜி.எஸ்.எம். மாட்யூல், நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். சிம்800எல் வாங்கியிருந்தால் அதற்கு 5 வோல்ட் கொடுக்காதீர்கள், 3.4 முதல் 4.4 வரைதான் அதற்கு ஒத்துவரும், 4.0 வையுங்கள். 100 மில்லிஆம்பியர் வரம்பில் ஷார்ட் இல்லை என்று தெரிந்ததும் வரம்பை 2.5 ஆம்பியருக்கு ஏற்றிவிட வேண்டும். ஏனென்றால் டவரைத் தேடும்போது அது 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதுவும் ஒவ்வொரு 4.6 மில்லிசெகண்டிலும் அரை மில்லிசெகண்ட் அளவுக்கு மட்டும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் "0.2 தானே இழுக்குது" என்று நினைத்து 0.5-இல் வரம்பை விட்டால் நெட்வொர்க் பிடிக்கும் நேரம் பார்த்து ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும், நீங்கள் புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வரம்பைச் சரியாக வைத்தும் ரீசெட் ஆனால் ஒயரைப் பாருங்கள். மெல்லிய ஜம்பர் ஒயரும் பிரெட்போர்டும் சேர்ந்து 0.4 ஓம் வந்தாலே 2 ஆம்பியரில் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், மாட்யூலுக்குச் சேர்வது 3.2 தான். தடிமனான, குட்டையான ஒயர் போடுங்கள், மாட்யூலின் கால் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். பெட்டி என்ன காட்டினாலும் மல்டிமீட்டரை மாட்யூல் முனையில் வைத்து ஒருமுறை பார்ப்பது நல்லது. கண்ணிமைக்கும் நேரத்துச் சரிவை மீட்டர் பிடிக்காது, வோல்டேஜ் மொத்தமாகக் குறைந்திருந்தால் தெரிந்துவிடும்.



முடிக்கும்போது அவுட்புட்டை அணைத்து, மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியதும் கிளிப்பைக் கழற்றுங்கள். நடுவில் கரண்ட் போனால் அதே வேகத்தில் கிளிப்பை எடுத்துவிடுங்கள். அவுட்புட் பட்டன் இல்லாத குமிழ் வகைப் பெட்டிகள் கரண்ட் திரும்பி வந்ததும் வைத்த வோல்டேஜை அப்படியே போர்டுக்குக் கொடுக்கும்.