பார் தேர்வுக்குச் சாட்சியச் சட்டத்தைப் படிக்கும் முறை

வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வின் 100 வினாக்களில் சாட்சியச் சட்டத்துக்கு உரியவை 8. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. குறிப்புகள் எழுதப்படாத மூலச் சட்ட நூலைத் தேர்வறைக்குள் எடுத்துச் செல்லவும் அனுமதி உண்டு. ஆகவே பிரிவு எண்களை உருப்போடுவதைவிட, வினாவைப் படித்ததும் எந்தப் பிரிவைப் புரட்டுவது, அப்பிரிவின் எந்தச் சொல் விடையைத் தீர்மானிக்கிறது என்று கண்டறியப் பழகுவதே பயன் தரும்.

1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 170 பிரிவுகள் கொண்ட பாரதிய சாக்ஷிய அதிநியம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனினும் அந்நாளில் நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே தொடரும் என்று 170ஆவது பிரிவு கூறுவதால், மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சீனியரின் பின்னால் வழக்குக் கட்டுகளோடு நிற்கும் மாணவரின் காதில் மின்னணுப் பதிவு பற்றிய பிரிவு '65பி' என்று விழுவதும், அவர் கையிலுள்ள நூலில் அது 63ஆக இருப்பதும் இன்றைய இயல்பு. ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய பழைய 25, 26, 27 ஆகிய மூன்றும் இப்போது 23இல் அடங்கும்; மரண வாக்குமூலம் இடம்பெறும் 32 என்பது 26; அனுமானம் பற்றிய 114 என்பது 119. எண் மட்டுமே மாறியதென்று எண்ணிவிடவும் கூடாது. உடன்குற்றவாளியின் சாட்சியம் பற்றிய பழைய 133, வேறு சான்றின் ஆதரவு இல்லாவிட்டாலும் தண்டனை சட்டவிரோதமாகாது என்றது. இப்போதைய 138 ஆதரவு பெற்ற சாட்சியத்தைப் பற்றியே பேசுகிறது. தேர்வாளர்கள் விரும்பும் இடம் இது.

அதிக நேரம் செலவிட வேண்டியது 23ஆவது பிரிவுக்குத்தான். மேலூர்ப் பக்கத்துக் கொலை வழக்கொன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காவலில் இருப்பவர் ஆய்வாளரிடம், "அவனை வெட்டிய அரிவாளைக் கண்மாய்க் கரையில் புதைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்கிறார்; அவர் காட்டிய இடத்தில் அரிவாள் கிடைக்கிறது, அதைக் கைப்பற்றியதற்கான மகஜரும் எழுதப்படுகிறது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் என்பதால் முழுவதும் தள்ளப்படும் என்று விடையளிப்பவரும், பொருள் கிடைத்ததால் முழுவதும் ஏற்கப்படும் என்று விடையளிப்பவரும் ஒருசேரத் தவறுகிறார்கள். கண்டெடுக்கப்பட்டதோடு நேரடித் தொடர்புடைய பகுதி மட்டுமே, அதாவது புதைத்த இடத்தைச் சொன்ன பகுதி மட்டுமே, ஏற்கப்படும். 'வெட்டிய' என்ற சொல் வெளியே நிற்கும். அந்த அரிவாளால்தான் கொலை நடந்தது என்பதை அரசுத் தரப்பு வேறு சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். புலுக்குரி கோட்டையா வழக்கில், ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் விளக்கிய இந்த வரம்பு பழைய 27இல் இருந்தது; புதிய சட்டத்தில் 23இன் வரம்புரையாக (proviso) இடம்பெற்றுள்ளது.

இறந்துபோனவர் தம் சாவின் காரணம் பற்றிச் சொல்லிச் சென்ற மரண வாக்குமூலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தையும் நம் சட்டத்தையும் குழப்பிக்கொள்வோர் பலர். 26(அ) பிரிவின்படி, சொன்னவர் அப்போது சாவை எதிர்பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உரிமையியல் வழக்குக்கும் அது பொருந்தும். சொன்னவர் பிழைத்துக்கொண்டால் அது மரண வாக்குமூலமாக நிற்காது, அவரே கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

அனுமானங்களில் மூன்று படிகள் உண்டு. 119இல் நீதிமன்றம் அனுமானிக்கலாம், வரதட்சிணை மரணம் பற்றிய 118இல் அனுமானித்தே ஆக வேண்டும், திருமணக் காலத்தில் பிறந்த குழந்தை பற்றிய 116இல் அது முடிவான சான்று. முதல் படிக்கு மதுரைக்காரர் வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. களவு நடந்த சிறிது காலத்துக்குள் களவுப் பொருளை வைத்திருப்பவர், அது தம்மிடம் வந்த விதத்தை விளக்க முடியாவிட்டால், திருடர் அல்லது களவுப் பொருள் என்று தெரிந்தே பெற்றவர் என்று அனுமானிக்கலாம் என்கிறது 119இன் முதல் எடுத்துக்காட்டு. கோவலனிடம் சிலம்பு இருந்தது. விளக்கம் மட்டும் கேட்கப்படவில்லை. தரப்பட்ட விடையொன்றில் 'விளக்க முடியாவிட்டால்' என்ற பகுதி விடுபட்டிருந்தால் அந்த விடையைத் தயங்காமல் நீக்கலாம்.

முதல் விசாரணை, குறுக்கு விசாரணை பற்றிய 142, 143 பிரிவுகளை ஒருமுறை படித்தாலே போதும். சாட்சிகளின் எண்ணிக்கை பற்றிய 139ஐ, முழு நம்பிக்கைக்குரிய ஒரே சாட்சியின் பேரில் தண்டனை விதிக்கலாம் என்ற 1957ஆம் ஆண்டின் வடிவேலு தேவர் தீர்ப்போடு சேர்த்துப் படியுங்கள். மின்னணுப் பதிவு பற்றிய 63ஐப் படிக்கும்போது நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணையையும் பாருங்கள். அதிலுள்ள சான்றிதழின் அ பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்யும் தரப்பும், ஆ பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும்.

பழைய வினாத்தாளைச் செய்து பார்க்கும்போது, சரியான விடைக்கு எதிரே பிரிவு எண்ணை எழுதுவதோடு நிறுத்தாமல், 'மட்டும்', 'லாம்', 'தவிர' என விடையைத் தீர்மானித்த சொல்லையும் எழுதுங்கள்.