வணிக வரியைத் திருத்தும் நகரங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நகரம் தன் வணிக உரிம வரியை மாற்றப் போகிறது என்றதும் எழும் முதல் கேள்வி, "எத்தனை சதவீதம்?" முதல் தவறும் அங்கேதான் தொடங்குகிறது. எதை அளந்து வரி போடுவது என்று முடிவாகாமல் விகிதத்தைப் பேசிப் பயனில்லை. சம்பளத்தின் மேலா, விற்றுமுதலின் (மொத்த விற்பனை வரவின்) மேலா, ஆள் எண்ணிக்கையின் மேலா, கட்டடத்தின் சதுர அடி மேலா? யார் தலையில் சுமை விழும் என்பது இந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஒரு காலத்தில் அங்கே சம்பளம், விற்றுமுதல் இரண்டில் எதற்கு அதிக வரி வருமோ அதைக் கட்ட வேண்டும் என்றிருந்தது. பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2001இல் நகரம் விற்றுமுதல் வரியைக் கைவிட்டு, சம்பளத்தின் மேல் 1.5 சதவீதம் மட்டும் என்று நின்றது. விளைவு என்ன? ஆள் எடுக்க எடுக்க வரி ஏறியது. ஊழியர்களுக்குக் கொடுத்த பங்குகளின் மதிப்பும் சம்பளக் கணக்கில் சேர்ந்ததால் வளரும் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளியேறப் பார்த்தன. 2011இல் ட்விட்டர் போன்றவை நகரின் நடுப்பகுதியில் தங்குவதற்காகத் தனிச் சலுகை கொடுக்க வேண்டியதாயிற்று. வேலை கொடுப்பவருக்கு அபராதம் போடுவது போன்ற வரியை வைத்துக்கொண்டு, அப்புறம் சலுகை கொடுத்து ஒட்டுப்போடுவது நல்ல நிர்வாகம் இல்லை.

2012இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் மறுபடி விற்றுமுதலுக்கே திரும்பினார்கள். இங்கே இன்னொரு தவறு காத்திருக்கும்: எல்லாத் தொழிலுக்கும் ஒரே விகிதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடை ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு விற்கிறது. 2 சதவீத லாபம் என்றால் கையில் நிற்பது 40,000. அதே 20 லட்சம் வரவுள்ள வழக்கறிஞர் அலுவலகத்துக்கு 30 சதவீதம் நின்றால் 6 லட்சம். இருவருக்கும் அரை சதவீத வரி போட்டால் தலா 10,000 டாலர். வழக்கறிஞருக்கு அது பெரிதாகத் தெரியாது. மளிகைக்காரருக்கு லாபத்தில் கால் பங்கு போய்விடும். அதனால்தான் 2012 சட்டத்தில் சில்லறை வியாபாரத்துக்கு 0.075 சதவீதத்திலும் தொழில்முறைச் சேவைகளுக்கு 0.4 சதவீதத்திலும் விகிதம் தொடங்கியது. ஆனால் இதையும் அளவோடு செய்ய வேண்டும். பிரிவுகள் பெருகப் பெருக, தன் தொழில் எதில் அடங்கும் என்று கண்டுபிடிக்கவே கணக்காளருக்குக் காசு கொடுக்க வேண்டிவரும். 2024இல் அந்நகரம் 14 பிரிவுகளை 7 ஆகக் குறைத்தது, சரியான முடிவு.

அந்த நகரம் நன்றாகச் செய்தது ஒன்று: ஒரே நாளில் மாற்றவில்லை. 2014 முதல் 2018 வரை சம்பள வரியைப் படிப்படியாக இறக்கி, விற்றுமுதல் வரியை ஏற்றினார்கள். புதிய வரி எதிர்பார்த்த அளவு வராததால் சம்பள வரி பூஜ்யம் ஆகாமல் 0.38 சதவீதத்தில் நின்றது. 2020 வாக்கெடுப்பில்தான் முழுதாகப் போனது. கணிப்பு பொய்க்கலாம் என்பதற்குச் சட்டத்திலேயே இடம் வைத்திருந்ததால் கஜானா தப்பியது.

சிலரையே நம்பியிருப்பது அடுத்த ஆபத்து. சான் பிரான்சிஸ்கோவில் 2022இல் வணிக வரியில் ஏறக்குறைய கால் பங்கை ஐந்தே நிறுவனங்கள் கட்டின. பல தொழில்களில் நிறுவனத்தின் வரவில் எந்தப் பங்கு இந்நகரத்தின் வரிக்குள் வரும் என்பது, ஊழியர்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. கொரோனாவுக்குப் பின் அவர்கள் பக்கத்து ஊர்களில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க, வரியும் கூடவே போய்விட்டது. 2024 திருத்தம், விற்பனை எங்கே நடக்கிறது என்பதற்கு அதிக எடை கொடுத்தது இதனால்தான்.

விலக்கு வரம்பிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் இன்னொரு நகரமான சியாட்டிலில் முன்பு ஆண்டு வரவு 1,00,000 டாலருக்குள் இருந்தால் வரி இல்லை என்றிருந்தது. தாண்டிவிட்டால் முதல் டாலரிலிருந்தே வரி. இப்படி இருந்தால் சிறுதொழில் செய்பவர் வரம்பின் ஓரத்தில் வந்து நின்றுவிடுவார். 2025 வாக்கெடுப்புக்குப் பின் அங்கே முதல் 20 லட்சம் டாலரை எல்லோருக்கும் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி என்று மாற்றினார்கள். வரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தும் ஏற்பாடும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தொழில் வரியே சாட்சி: ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு 1988இல் அரசியலமைப்பில் எழுதியபடியே இன்றும் இருக்கிறது.

கலந்து பேசாமல் அவசரப்படுவதும் கெடுக்கும். சியாட்டில் நகரமன்றம் 2018 மே மாதம் பெரிய நிறுவனங்களுக்கு ஓர் ஊழியருக்கு 275 டாலர் என்று ஒருமனதாக வரி போட்டது; ஒரு மாதத்துக்குள் தானே ரத்து செய்தது.

சட்டச் சிக்கலை முன்கூட்டியே தீர்த்துக்கொள்வதும் முக்கியம். சான் பிரான்சிஸ்கோ இருக்கும் கலிபோர்னியா மாநிலத்தில் 1996 முதல் உள்ளூர் வரிக்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும். பொது நிதிக்குப் பாதிக்கு மேல், குறிப்பிட்ட செலவுக்கு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. 2018இல் வீடற்றோருக்காகச் சான் பிரான்சிஸ்கோ கொண்டுவந்த வரி, குடிமக்கள் முன்மொழிந்தது என்பதால் வெறும் பெரும்பான்மை போதுமா என்று வழக்காயிற்று. நகரம் ஜெயித்தது, ஆனால் வசூலித்த பணம் 2020 செப்டம்பர் வரை செலவழிக்க முடியாமல் முடங்கிக் கிடந்தது.