வன்னியில் இளவேனில் வீட்டுத்தோட்டம்: மகிழ்ச்சியைக் கெடுக்கும் சில தவறுகள்

வன்னியில் இளவேனில் நீண்ட காலம் நிற்பதில்லை. காலபோக நெல் வெட்டி முடிந்து, வேம்பு பூத்து, குயில் கூவத் தொடங்கும் பங்குனிக் கடைசியில் ஆரம்பித்து, சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பும் வைகாசி நடுப்பகுதியோடு அது ஓய்ந்துவிடும். அந்தச் சில வாரங்களில் கிணற்றில் இன்னும் கைக்கெட்டும் நீர் நிற்கும். மாரியில் ஊறிய ஈரம் நிலத்தின் அடியில் மிஞ்சியிருக்கும். வயல் வேலை ஓய்ந்தவர்களுக்கு வளவைத் திரும்பிப் பார்க்க நேரமும் கிடைக்கும். ஆசையோடு நாலு பாத்தி போடும் பலர், வைகாசி முடியுமுன்பே சலித்துப்போய் அவற்றைக் கைவிடுவதையும் ஆண்டுதோறும் காண்கிறோம். அதற்கு மண்ணையோ விதையையோ குறைசொல்வது எளிது. பெரும்பாலான வளவுகளில் பிழை இருப்பது, காலத்தையும் பயனையும் பற்றி நாம் முன்கூட்டியே வைத்துக்கொண்ட கணக்கில்தான்.

முதலாவது தவறு, வேறொரு நாட்டின் வசந்தத்தை நம் முற்றத்தில் எதிர்பார்ப்பது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவுகள் சித்திரை, வைகாசியில் அனுப்பும் படங்களில் டியூலிப் பூக்கள் வரிசையாக நிற்கும். அங்கே பனி உருகி வெயில் திரும்புவதே விழா. ஆகவே செடியை வெயிலில் வை என்பது அந்நாட்டுத் தோட்டக் குறிப்புகளின் முதல் வரியாக இருப்பதில் வியப்பில்லை. டியூலிப் கிழங்கு பூப்பதற்குச் சுமார் 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். அதைக் கிளிநொச்சி மண்ணில் புதைத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு ஏமாற்றம் மட்டுமே மிஞ்சும். (பயணப் பையில் விதையும் கிழங்கும் கொண்டுவருவது தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும், அனுமதியில்லாமல் வரும் விதையோடு நோயும் வரக்கூடும் என்பதையும் அனுப்புகிறவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.) நம் இளவேனிலுக்கென்று வேப்பம்பூவும் கொன்றையும் இருக்கின்றன. பாய் விரித்து வேப்பம்பூவைச் சேர்த்து வடகம் போடுவதும் தோட்டத்து அறுவடைதான். அதற்கு நாம் ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றவில்லை.

வெயிலைக் குறைத்து மதிப்பிடுவது இதோடு ஒட்டிய தவறு. ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து செல்கிறது. வன்னிக்கு அது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் வருகிறது. நண்பகலில் மனிதனின் நிழல் காலடிக்குள் ஒடுங்கும் அந்த நாட்களில்தான் பலர் நாற்றைப் பிடுங்கி நடுகிறார்கள். நாற்று நடுவதற்கு மாலை நேரமே ஏற்றது. நட்ட பின் ஒரு வாரமாவது கிடுகோ தென்னோலையோ சாய்த்து நிழல் கொடுக்க வேண்டும். தண்ணீரை உச்சி வெயிலில் ஊற்றினால் அதில் ஒரு பங்கு வேருக்குப் போகாமலே ஆவியாகிவிடும். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதும் நல்லதல்ல, ஏனெனில் ஈரம் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் வேரும் அங்கேயே படர்ந்து, ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செடி துவண்டுவிடும். அதிகாலையிலோ பொழுது சாயும்போதோ, மண்ணைத் தொட்டுப் பார்த்து, அடிவரை ஊறும்படி விடுவதே முறை.

மண்ணை மூடிவைப்பதற்கு வன்னியில் இருப்பதுபோல் வசதி வேறெங்கும் கிடைப்பது அரிது. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் குவிந்து கிடக்கும். அதில் எவ்வளவோ கொளுத்தப்படுகிறது. அதை இரண்டு மூன்று விரற்கடைத் தடிப்பில் பாத்தியில் பரப்பி, தண்டை ஒட்டாமல் சிறிது இடம் விட்டால், ஈரம் நிற்கும், களை குறையும். முற்றத்தைக் கூட்டிச் சேர்த்த மாவிலையையும் வேப்பிலையையும் தினமும் எரிப்பவர்கள், அடுத்த தெருவில் பசளை விலைக்கு வாங்குவது எனக்கு விளங்காத விடயங்களில் ஒன்று. பாம்புக்குப் பயந்து முற்றத்தை வெளியாக வைத்திருப்பது நியாயமே; அந்தச் சருகை ஒரு மூலையில் கிடங்கு வெட்டிப் போட்டு மட்கவிட யாரும் தடையில்லை. தென்னங்கன்றுக்குக் கிடங்கு வெட்டும்போது அடியில் உரிமட்டைகளை அடுக்கினால் அவை நீரை உறிஞ்சி வைத்திருக்கும். ஆனால் ஈரம் காயாத பச்சைச் சாணியை நேராகச் செடியின் அடியில் போடக் கூடாது; அது வேரைச் சுடுவதோடு கறையானையும் கூட்டிவரும்.

சித்திரைச் சிறுமாரியை நம்புவதிலும் அளவு வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மத்தியானத்துக்குப் பின் இடியோடு வரும் அந்த மழை ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரை நனைக்காமலே போய்விடும். ஒரு மழை கண்டதும் வளவு முழுவதையும் கொத்தி விதைத்தவர், இரண்டாவது வாரத்தில் கிணற்றடிக்கும் பாத்திக்கும் இடையில் வாளியோடு நடக்கத் தொடங்குகிறார். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் எத்தனை ஏக்கரில் செய்வதென்பதைக் குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். வயலுக்கு இருக்கும் அந்த ஒழுங்கு வளவுக்கும் பொருந்தும். ஆனி மாதத்தில் நம் கிணறு எவ்வளவு இறங்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த நீரைக் கொண்டு எத்தனை பாத்தியைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையையே பங்குனியில் போட வேண்டும். ஒரு கத்தரிப் பாத்தி, ஒரு பயிற்றைப் பந்தல், கொஞ்சம் கீரை, ஒரு பூசணிக் கொடி: தொடங்குகிறவருக்கு இவை போதும்.

பூசணியைச் சொன்னதால் ஒரு பொதுவான முறைப்பாட்டையும் சொல்ல வேண்டும். "பூ நிறையப் பூக்குது, காய்தான் பிடிக்குதில்லை" என்று கொடியையே பிடுங்கி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. பூசணியில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும், ஒரு நாளில் வாடிவிடும். பின்னால் வரும் பெண் பூவின் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு குட்டிக் காய் முன்பே இருக்கும். விடியற்காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் தேனீ வந்து மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால் அந்தப் பிஞ்சு பெருக்கும். வராவிட்டால் மஞ்சளாகி விழுந்துவிடும். தேனீ குறைந்த இடத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடலாம். ஏழு மணிக்கு முன் இந்த வேலைக்காகக் கொடிக்கருகில் குந்தியிருப்பவருக்குத் தோட்டத்தின் இன்பம் இன்னதென்று வேறொருவர் விளக்கத் தேவையில்லை. அதே காலை நேரத்தில் கிருமிநாசினி அடிப்பது, வரவேண்டிய தேனீயையும் கொன்று, காய் பிடிக்கவில்லையென்று பிறகு கவலைப்படுவதாகவே முடியும்.

கறிவேப்பிலையிலும் தேசியிலும் புழுவைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவதும் இதே வகை. இளம் புழு பறவை எச்சம் போல மண்ணிறமும் வெள்ளையுமாக இலையில் ஒட்டிக் கிடக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சையாக மாறும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவருடைய ஒரு கொம்பை நீட்டி நாற்றத்தை விடும். சில வாரத்தில் அது வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். நன்றாக வளர்ந்த மரத்துக்கு நாலைந்து புழுவால் கேடு இல்லை. சிறு கன்றானால் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விடலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் கொம்பை ஒருமுறை காட்டினால், பிறகு அவர்களே தினமும் மரத்தடியில் நிற்பார்கள். அன்றாடம் கறிக்குக் கிள்ளும் இலையில் நஞ்சைத் தெளிப்பதற்கான நியாயம் மிகவும் குறைவு.

இனி, தராசின் தவறு. வீட்டுத்தோட்டத்தைச் சந்தை விலையால் மட்டும் அளப்பவர், கத்தரிக்காய் மலிந்த வாரத்தில் தோற்றுவிட்டதாக உணர்வார். அறுவடைக்குப் பின் அவிழ்த்துவிடப்பட்ட மாடு வேலிக்குள் தலையை நீட்டிப் பயிற்றைக் கொடியை இழுத்த அன்றும், குரங்குக் கூட்டம் மாம்பிஞ்சைக் கடித்து எறிந்த அன்றும் அவருடைய கணக்கு நட்டத்திலேயே நிற்கும். வேலியைப் பலப்படுத்த வேண்டியதுதான். கிளுவைக் கதியாலை மாரியில் போடாமல் இப்போது போட்டால் பிடிக்காது என்பதால், இந்தப் பருவத்துக்கு முள்ளும் பனையோலையுமே துணை. ஆனால் மயிலும் அணிலும் புலுனியும் ஒரு பங்கு எடுக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டவருக்கு மனக்கசப்பு குறைவு. முதற் குலையைக் கோவிலுக்கு நேர்ந்துவிடுவதும், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகும் அயலவரிடம் தேங்காயைக் கொடுத்தனுப்புவதும் நம் ஊரில் நன்றியைச் சொல்லும் பழைய வழிகள். முதல் வெண்டிக்காயைப் படம் எடுத்துப் பலருக்கு அனுப்புவதைவிட, அதில் பாதியை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்கு நீட்டுவது அதிக நாள் நினைவில் நிற்கும்.

நன்றியைக் கடமையாக்குவது எல்லாவற்றிலும் நுட்பமான தவறு. ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மக்கலோ ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றைக் குறித்துவைத்தவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. நன்றிக் குறிப்பேடு என்ற பழக்கத்துக்கு அது வலுச் சேர்த்தது. 2005 இல் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் எழுதியதில், கிழமைக்கு ஒருமுறை எழுதியவர்கள் பயன் பெற, மூன்று முறை எழுதியவர்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை. வற்புறுத்தி எழுதுவது விரைவில் வெறும் பழக்கமாகிவிடும் என்பதே இதன் பொருள் என்று நினைக்கிறேன். கிழமைக்கொருமுறை, வெள்ளிக்கிழமை மாலையில் கிணற்றடியில் இருந்து, அந்தக் கிழமை தோட்டத்தில் புதிதாகக் கண்ட ஒன்றைக் குறித்தால் போதும். அதுவும் பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதாமல், இந்த முருங்கைத் தடியைத் தந்தது யார், இந்தக் கிணற்றைத் தோண்டியது யார் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அப்படிப் பெயர் சொல்லத் தொடங்கினால் வன்னியில் அது எப்போதும் இலேசாக இராது. 2009 இல் போர் முடிந்து, பின்வந்த ஆண்டுகளில் மீளக்குடியேறியவர்கள் பலருக்கு வளவில் மிஞ்சியிருந்தது கிணறும், மொட்டையாகிப்போன ஓரிரு தென்னையும்தான். அந்தத் தென்னையை வைத்தவர் இன்று இல்லாத வீடுகள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய், இருப்பதற்கு நன்றியாய் இரு என்று அறிவுரை சொல்வது நன்மையல்ல, கொடுமை. அவர் அந்த மரத்தடியில் மண்ணைக் கொத்திக்கொண்டே அழுதால் அதுவும் தோட்ட வேலையின் ஒரு பகுதியே. மகிழ்ச்சி வரும்போது வரட்டும். இதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நீண்ட காலம் கொத்தாமல் கிடந்த நிலத்தைப் புதிதாகத் திருத்தும்போது சந்தேகத்துக்குரிய உலோகப் பொருள் எதுவும் தட்டுப்பட்டால் தொடவோ அசைக்கவோ கூடாது, இடத்தை அடையாளமிட்டு, விலகி, உடனே கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

விதையை முழுவதும் கறியாக்கிவிடுவது சிறிய தவறாகத் தோன்றும். கலப்பின விதைப் பைக்கற்றில் வந்த செடியின் விதை தாய்ச் செடியைப் போலவே வருமென்று சொல்ல முடியாது. ஊர்க் கத்தரியும் ஊர்ப் பயிற்றையும் பெரும்பாலும் அப்படியே வரும். நல்ல கொடியில் நாலு காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் மூடிவைத்தால் அடுத்த போகத்துக்கும் அயலுக்கும் விதை உண்டு.

சோளகம் எழும்பிய பிறகும் எல்லாப் பாத்தியையும் உயிரோடு வைத்திருக்க முயல்வதோடு பலருடைய ஆசை முடிந்துவிடுகிறது. ஆனியில் கிணறு இறங்கத் தொடங்கியதும், சமையலறைக்கு அருகிலுள்ள கறிவேப்பிலை, தேசி, முருங்கை ஆகியவற்றுக்கும், அரிசி கழுவிய நீர் போய்ச் சேரும் வாழைக்கும் மட்டும் நீரை வைத்துக்கொள்ள வேண்டும். காய்த்து ஓய்ந்த கொடிகளை வெட்டி அதே பாத்தியில் பரப்பி, மேலே வைக்கோலைப் போட்டு மூடிவிட்டால், புரட்டாதி முதல் மழைக்கு அந்த மண் கொத்துவதற்கு இலகுவாக இருக்கும்.