காமாலைக்குக் கீழாநெல்லி சரி, மலேரியாவுக்கு?

பர்மாவின் கயின் மாநிலத்துக் காட்டோரம் வேலைக்குப் போனவர் காய்ச்சலோடு மோல்மேன் நகருக்குத் திரும்புகிறார், கண்ணும் மஞ்சளிக்கிறது என்றால், நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். தாவரங்களிலுள்ள பிளேவனாய்டுகள் என்ற இயற்கை வேதிப்பொருள்கள் மலேரியாவால் கெடும் கல்லீரலைக் காக்கும் என்ற செய்தி இப்போது அதற்குத் துணை சேர்ந்திருக்கிறது. செய்தி பொய்யில்லை, அதைப் புரிந்துகொள்வதில்தான் பிசகு.

மஞ்சளைக் கண்டதும் காமாலை என்று முடிவுகட்டி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் உயிரையே வாங்கும் தவறு. மலேரியாக் கிருமி சிவப்பணுக்களை உடைப்பதால் கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறமி ஏறுகிறது. பால்சிபாரம் வகைக் கிருமி புகுந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஒட்டி அடைக்கின்றன. சிதைந்த ஹீமோகுளோபினிலிருந்து வெளிப்படும் ஹீம் என்ற இரும்புள்ள பொருள், ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கிக் கல்லீரலை வாட்டுகிறது. குவெர்செட்டின் போன்ற பிளேவனாய்டுகளிடம் ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சேதத்தைத் தணிப்பதை. கிருமி பெருகிக்கொண்டே இருக்கும்போது சேதத்தை மட்டும் தணித்து என்ன பயன்? விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், ஏறக்குறைய கால் மணி நேரம், முடிவு தெரிந்துவிடும்.

எலிச் சோதனையை மனிதச் சிகிச்சையாகப் படிப்பது அடுத்த தவறு. பெரும்பாலான சான்றுகள் எலிகளைத் தாக்கும் பெர்கை என்ற கிருமியை வைத்துக் கிடைத்தவை; கொடுத்ததும் அளந்த சாரம். நாம் உண்ணும் குவெர்செட்டினில் கொஞ்சமே உடலில் சேர்கிறது, அதையும் குடலும் கல்லீரலும் விரைவில் உருமாற்றிவிடுகின்றன. பிளேவனாய்டுகள் உள்ள முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம், உணவாக. பச்சைத் தேயிலைச் சார மாத்திரை வேறு கதை: அளவு மீறினால் அதுவே கல்லீரலைக் கெடுக்கும்.

ஆர்ட்டெமிசியா இலைத் தேநீரையும் சிலர் நம்புகிறார்கள். 2015இல் நோபல் பெற்ற சீன விஞ்ஞானி தூ யூயூ அந்தச் செடியிலிருந்து கண்டெடுத்த மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் பிளேவனாய்டே அல்ல. தேநீரில் அதன் அளவு நிலையாக இராது என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கவில்லை. அரைகுறை அளவு கிருமியைப் பழக்கிவிடும். பர்மாவிலோ அந்த மருந்துக்கு ஈடுகொடுக்கும் கிருமிகள் ஏற்கெனவே பரவியிருக்கின்றன.

பத்தியம் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. காமாலை என்றால் எண்ணெய் கூடாது, கஞ்சி மட்டும் என்பது நம் பாட்டிமார் சட்டம். ஆனால் மலேரியாவுக்கு ஆர்ட்டெமெதர் என்ற மருந்துடன் சேர்த்துத் தரப்படும் லூமெபான்ட்ரின், கொழுப்பு இருந்தால்தான் நன்றாக உடலில் சேரும். வெறுங்கஞ்சியோடு விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி வீண். ஒவ்வொரு வேளையும் ஒரு டம்ளர் பாலாவது கொடுங்கள்.

மலேரியா வைவாக்ஸ் வகைக் கிருமியால் வந்ததென்றால், கண் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்துவது இன்னொரு வழக்கம். அந்தக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். அதை ஒழிக்கும் பிரைமாகுவினைப் பெரும்பாலும் 14 நாள் தொடர வேண்டும். தொடங்கும் முன் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது உள்ளவர்களுக்கு இந்த மருந்தே சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.