சாரத்தின் கரையைப் பாருங்கள்

மட்டக்களப்பில் கைவினைக் கண்காட்சி நடந்தால் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்தபிறகு செய்தவரோடு நின்று பேச முடியாது. நெசவுக்குப் பேர்போன மருதமுனையின் கைத்தறிச் சாரம் (இடுப்பில் உடுத்தும் லுங்கி) என்று காட்டினால், கைத்தறிதானா என்று அறியக் கரையோரத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடித்த ஊசிகளின் சின்னத் துளைகள் பெரும்பாலும் வரிசையாகத் தெரியும். அப்புறம், "இதை நெய்ய எத்தனை நாள்?" என்று கேளுங்கள். வாங்கி விற்பவர் தடுமாறுவார். நெய்தவரோ நூல் விலையில் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார். பன்புல்லில் இழைக்கும் பன்பாய்க்கும், பிட்டு அவிக்கும் ஓலைக் கூடையான நீற்றுப்பெட்டிக்கும் இதே கேள்விதான்.

பிடித்திருந்தால், பொருளையும் அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். நான் இலக்கத்தை மட்டும் சேமித்துவிட்டு, பாய் இழைக்கும் அக்காவுக்கு அழைப்பெடுத்துச் சாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.